வெருகின் பல்லும் வீட்டுப் பூசையின் ஈறும்

பூனையின் பல்லைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகள் மருத்துவ நூல்களில் இல்லை. முல்லைத்திணையை ஒட்டிய கவிதைகளில் இருக்கின்றன. புறநானூற்றின் 117ஆம் பாடலில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், அங்கே அரும்பும் முல்லையை இளம் வெருகின் முள்போன்ற பல்லுக்கு ஒப்பிடுகிறார். குறுந்தொகையின் 240ஆம் பாடலில் கொல்லன் அழிசியும் அதே ஒப்புமையைக் கையாள்கிறார். 220ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு படி மேலே சென்று, பூத்த முல்லையை வெருகின் சிரிப்பாகவே காண்கிறார். அகநானூற்றின் 391ஆம் பாடலில் அதிரல் கொடியின் அரும்புக்கும் வெருகின் கூர்மையான பல்லே உவமை. இன்று நாம் பெண்ணின் பல்லை முல்லை என்கிறோம். அந்த முல்லைக்கே உவமையாகப் பூனையின் வாயைத் தேடிச் சென்றவர்கள் சங்கப் புலவர்கள்.

இந்த உவமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கபிலர் வளர்ந்த வெருகைச் சொல்லவில்லை, குட்டியைச் சொல்கிறார். பூனைக் குட்டிக்கு 26 பால்பற்கள். ஊசிபோல் மெலிந்தவை, கறையற்ற வெண்மை கொண்டவை. ஏறத்தாழ மூன்றரை மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் அவை விழுந்து, 30 நிலைப்பற்கள் முளைக்கின்றன. முதிர்ந்த பூனையின் கடைவாய்ப் பல்லில் ஈறோரம் மஞ்சளும் பழுப்புமாகக் காரை படிந்திருக்கும். அதை எந்தப் புலவரும் முல்லை என்றிருக்க மாட்டார். ‘பிள்ளை’ என்ற ஒரு சொல்லால் உவமையைப் பொய்யாகாமல் காத்திருக்கிறார் கபிலர் என்றே இதை நான் வாசிக்கிறேன். மாசாத்தியாரின் ‘சிரிப்பு’க்குள்ளும் ஒரு நேர்க்காட்சி இருக்கிறது: உதடு விலகினால்தான் பூனையின் பல் தெரியும். அது விலகும் கணத்தைக் கண்டவர் எழுதிய வரி அது.

தொல்காப்பிய மரபியலும் இவ்விலங்கை மறக்கவில்லை. வெருகு, எலி, அணில் முதலியவற்றின் இளமைப் பெயர் குட்டி என்கிறது ஒரு நூற்பா. வெருகைப் பூசை என வழங்குவதையும் மரபாக ஏற்கிறது இன்னொன்று. அந்த இடத்தில் வெருகுக்குத் தரப்படும் அடைமொழி வாயைப் பற்றியது: வெம்மையான வாய். தமிழ்நாட்டில் பூசை என்ற சொல் பேச்சிலிருந்து பெரிதும் மறைந்து, பூனையே நிலைத்துவிட்டது. ஆனால் கொச்சிக் காயலில், வைப்பினுக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே கிடக்கும் வல்லார்பாடம் தீவில் எந்த வீட்டு முற்றத்திலும் அச்சொல்லின் உடன்பிறப்பை இன்றும் கேட்கலாம். மலையாளத்தின் ‘பூச்ச’ நம் பூசையோடு ஒரே வேரில் பிறந்தது. வெருகும் அங்கே ‘வெருகு’ என்றே இருக்கிறது. பொருள் மட்டும் புனுகுப்பூனையின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

இவ்வளவு கூர்ந்து பார்த்த மொழி, அதன்பின் பூனையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை. ஏன் என்பதே இப்பதிவின் கேள்வி.

நம்மவர் விலங்கின் பல்லைப் பார்க்காதவர்கள் அல்லர். மாட்டுச் சந்தையில் பேரம் தொடங்குவதே பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்தான். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதை எண்ணுவதற்கு ஒரு முழுச் சொற்றொகுதியே உண்டு. தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழி, விலைக்கு வாங்கிய மாட்டை அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தன் பல்லிலும் தமிழருக்கு அக்கறை குறைவில்லை. காலையில் குச்சி மென்று பல் துலக்குவதை ஆசாரக்கோவை ஒழுக்கமாகவே விதிக்கிறது; ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதைக் குழந்தையும் அறியும். ஆக, விலையுள்ள விலங்கின் பல் பார்க்கப்பட்டது. மனிதனின் பல் துலக்கப்பட்டது. பூனைக்கு விலை இல்லை. எலி பிடிக்கும் வரை அது வீட்டில் இருந்தது. பிடிக்க முடியாத வயதில் அதற்குப் பல் வலித்ததா என்று கேட்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஆனால் கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் இக்கேள்வி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செயலில் விடை பெற்றிருக்கிறது. செங்கடலின் எகிப்தியக் கரையிலுள்ள பெரெனிகே, முசிறியோடு வாணிகம் செய்த துறைமுகம். அங்கே ஒரு கோயிலில் ஏழு கிலோவுக்கும் அதிகமான இந்தியக் கருமிளகு சாடியோடு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. அதே ஊரின் புறத்தே, பொது ஆண்டு முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த வளர்ப்பு விலங்குகளின் இடுகாடு ஒன்று உள்ளது. அங்கிருந்த 585 விலங்குகளின் எச்சங்களை ஆராய்ந்து மார்த்தா ஒசிபின்ஸ்கா குழுவினர் 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் பட்டையோ மணியோ இருந்தது. இந்தியாவிலிருந்து சென்ற குரங்குகளும் அங்கே புதைக்கப்பட்டிருந்தன. பல்லிழந்த முதிய விலங்குகளும் இருந்தன. பல்லில்லாத விலங்கு தானாக இரை தேடி நெடுநாள் வாழாது. எவரோ மென்மையான உணவைத் தொடர்ந்து ஊட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கணிப்பு. குடிநீரும் உணவும் அரிதான பாலைத் துறைமுகத்தில், பயனற்றுப்போன ஒரு வாய்க்காக எவரோ தினமும் உணவைக் குழைத்திருக்கிறார். முசிறியின் மிளகை இறக்கிய கைகளுள் அந்தக் கையும் இருந்திருக்கலாம்.

1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் முசிறியின் வாயைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலர் வழிமொழியும் கருத்து. அந்தக் கொச்சி அழிமுகத்தை அடுத்துதான் வல்லார்பாடம் கிடக்கிறது. 2011 பிப்ரவரியில் பன்னாட்டுக் கொள்கலன் மாற்று முனையம் அங்கே இயங்கத் தொடங்கியது. மறுகரையில் கோட்டைக் கொச்சியின் சீனவலைகள். வலை ஏறும்போதெல்லாம் ஓரத்தில் பூனைகள் காத்திருப்பதைப் பார்த்தவர்கள் ஒரு கருத்தைத் தவறாமல் சொல்வார்கள்: “மீன் தின்று திரியும் பூனைக்குப் பல்நோய் வராது; பிஸ்கட் தின்னும் வீட்டுப் பூனைக்குத்தான் வரும்.”

இக்கருத்துக்கு எதிரான சான்று தெற்கே, தென்னாப்பிரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள மேரியன் தீவில் இருக்கிறது. அங்குள்ள வானிலை நிலையத்தில் எலித் தொல்லையைக் குறைக்க 1949இல் ஐந்து பூனைகள் கொண்டுபோகப்பட்டன. அவை பெருகி, காட்டு விலங்குகளாகிக் கடற்பறவைகளை வேட்டையாடின. 1970களில் அவற்றின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது. பறவைகளைக் காக்க 1990களின் தொடக்கத்துக்குள் அவை முற்றிலும் ஒழிக்கப்பட்டன. எஞ்சிய மண்டையோடுகளைப் பல் மருத்துவ நோக்கில் ஆராய்ந்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. பல்லில் காரை மிகக் குறைவு. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட பூனைகளுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு நோயால் அரிக்கப்பட்டிருந்தது. இறகும் எலும்புமாகத் தின்ற வாழ்க்கை பல்லின் மேற்பரப்பைத் தேய்த்து வைத்தது, ஈறைக் காக்கவில்லை. ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்ற வாதம் இங்கே முடிகிறது. காட்டிலும் பூனைக்குப் பல் வலித்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவே.

இனி பிஸ்கட்டின் வரலாறு. விலங்குக்கு விற்கப்படும் பிஸ்கட்டும் துறைமுகத்தின் பிள்ளைதான். 1860ஐ ஒட்டி இலண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் வாணிகத்தைத் தொடங்கினார். மாலுமிகள் எறிந்த கப்பல் ரொட்டியைத் துறைமுக நாய்கள் தின்றதைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. வெப்பமும் அழுத்தமும் கொண்டு மாவைப் பிதுக்கிப் பொரிக்கும் முறை 1950களில் அமெரிக்காவில் நாயுணவுக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பூனை பிஸ்கட் அதன் வழித்தோன்றல். ‘மொறுமொறுப்பாக இருப்பதால் பல்லைத் துலக்கும்’ என்ற நம்பிக்கையும் அதனோடு வந்தது. நம்பிக்கை பெரும்பாலும் தவறு. சாதாரண பிஸ்கட், பல்லின் நுனி பட்டவுடன் நொறுங்கிவிடுகிறது. அழுக்கு சேர்வதோ ஈறை ஒட்டிய அடிப்பகுதியில். பல் உள்ளே ஆழ இறங்கும் வரை நொறுங்காதபடி நார் அமைப்போடு செய்யப்படும் தனி உணவுகள் உண்டு; அவற்றுக்கு ஓரளவு பயன் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட கால்நடை வாய்நலக் குழு இத்தகைய பொருள்களின் ஆய்வுச் சான்றுகளைப் பார்த்து ஏற்பு முத்திரை தருகிறது.

இந்தப் பிஸ்கட் ஒருமுறை கொச்சியில் வழக்கு மன்றம் ஏறியது. 2020 மார்ச் இறுதியில் நாடு ஊரடங்கில் மூழ்கியது. மூன்று பூனைகள் வளர்த்த ஒருவர், கடவந்திராவிலுள்ள கால்நடை மருத்துவமனையில் அவற்றின் பிஸ்கட்டை வாங்கிவரக் காவல்துறையிடம் பயண அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் கேரள உயர் நீதிமன்றத்தை நேரே அணுகினார். ‘எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை, எனவே பூனைகளுக்கு வேறு உணவு இல்லை’ என்பது அவர் வாதம். மீன் மணக்கும் ஊரில் இது வேடிக்கையாகப்பட்டிருக்கலாம். செய்தித்தாள்களும் சிரித்துக்கொண்டே வெளியிட்டன. ஆனால் உடலியல் அவர் பக்கம் இருந்தது. பூனை புலாலின்றி வாழ இயலாத விலங்கு. டாரின் என்ற சத்து உணவில் குறைந்தால் அதன் விழித்திரை சிதையும் என்று 1975இலும், இதயத் தசை தளரும் என்று 1987இலும் ஆய்வுகள் காட்டின. பாலும் சோறும் மட்டும் தின்னும் பூனை மெல்ல மெல்ல நோயுறும். 2020 ஏப்ரல் 6 அன்று நீதிபதிகள் ஏ. கே. ஜெயசங்கரன் நம்பியாரும் ஷாஜி பி. சாலியும் அவருக்கு அனுமதி வழங்கினர்.

அத்தீர்ப்பில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஓர் இழை இருக்கிறது. நீதிபதிகள் சான்று காட்டியவற்றுள் ஒன்று உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு நாகராஜா தீர்ப்பு. நாம் அதை ஜல்லிக்கட்டுத் தடைத் தீர்ப்பாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். ஜல்லிக்கட்டுக்குப் பின்னர் சட்டத் திருத்தம் வந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. ஆனால் விலங்குகளுக்குரிய ஐந்து விடுதலைகள் என்ற கருத்து 2014 தீர்ப்பின் வழியாகத்தான் நம் நீதிமன்ற மொழிக்குள் உறுதியாக நுழைந்தது. பசி தாகத்திலிருந்து விடுதலை. அச்சம், மன உளைச்சலிலிருந்து விடுதலை. வெம்மை குளிர் முதலிய உடல் இடர்களிலிருந்து விடுதலை. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை. இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலை. வாடிவாசல் காளைக்காகப் பேசப்பட்ட சொற்கள், ஆறாண்டு கழித்துக் கொச்சியில் மூன்று பூனைகளின் கிண்ணத்தை நிரப்பின.

பசியிலிருந்து விடுதலையை நீதிமன்றம் தர முடிந்தது. வலியிலிருந்து விடுதலையை எந்த நீதிமன்றமும் வீட்டுக்குள் வந்து தர முடியாது. விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற துன்பத்தைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. பூனையின் பல் அந்தக் கடமையின் மிக மறைவான மூலை. ஏனெனில் பூனை வலியைக் காட்டாது. வாய் நாறுவது, எச்சில் ஒழுகுவது, ஒரு பக்கமாக மெல்வது, கவ்விய உணவைக் கீழே போடுவது, தன் உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துவது: இவைதாம் அதன் முறையீடுகள். பலர் இவற்றை முதுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மட்டாஞ்சேரியின் சரக்குக் கடைகளை நினைத்தால் இன்னோர் அபாயமும் நினைவுக்கு வருகிறது. மலுக்குத் தீவுகளிலிருந்து வந்த கிராம்பு நூற்றாண்டுகளாக இக்கரையில் கைமாறியிருக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் என்பது நம் வீடுகளின் முதல் மருந்து. அந்த அன்பைப் பூனையிடம் காட்டக் கூடாது. கிராம்பின் யூஜினால் போன்ற பீனால் வகைப் பொருள்களைக் குளூக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் ஒரு நொதிக்கான மரபணு பூனையில் செயலிழந்து கிடக்கிறது. புலாலையே தின்று வாழ்ந்த குலத்துக்குச் செடிகளின் நச்சை முறிக்கும் தேவை குறைந்ததால் இது நேர்ந்திருக்கலாம் என்பது மரபியலாளர் கருத்து. இதே காரணத்தால் நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் ஒற்றை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. மனிதரின் பற்பசையும் ஆகாது: பூனைக்குத் துப்பத் தெரியாது, நுரையும் புளோரைடும் வயிற்றுக்குள் போகும். உப்பு, கரி, வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம். ஆலும் வேலும் நமக்கு.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உண்ட சில மணி நேரத்தில் பல்லின்மேல் நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. சில நாள்களில் உமிழ்நீரின் உப்புகள் சேர்ந்து அது காரையாக இறுகுகிறது. இறுகியபின் தூரிகையால் அதை நீக்க முடியாது. நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டினால் பல்லின் மேற்பூச்சு கீறப்பட்டு அடுத்த படலத்துக்கு இடமாகும். ஆகவே வீட்டு வேலை, இறுகுமுன் துடைப்பது. நாள்தோறும் செய்வது சிறப்பு. இயலாதபோது ஒன்றுவிட்டு ஒரு நாளாவது.

தொடங்கும் முறையில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. முதல் சில நாள்கள் தூரிகையே வேண்டாம். பூனை அமைதியாக இருக்கும் வேளையில் தாடையைத் தடவி, உதட்டோரத்தைத் தொட்டுவிட்டு, அதற்குப் பிடித்ததைக் கொடுங்கள். அடுத்து, உப்பும் மசாலாவும் சேராத மீன் வேகவைத்த நீரில் விரலை நனைத்துப் பல்லின் வெளிப்பக்கத்தில் ஓடவிடுங்கள். அதை ஏற்ற பின் விரலில் சுற்றிய மெல்லிய மருத்துவத் துணி. அதன்பின் பூனைக்கென விற்கும் சிறு தூரிகையும், விழுங்கினாலும் தீங்கில்லாத பூனைப் பற்பசையும். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. உதட்டை மட்டும் விலக்கி, கன்னத்தை நோக்கிய வெளிப்பக்கத்தை, ஈறும் பல்லும் கூடும் கோட்டில் துடைத்தால் போதும். மேல்தாடையின் பின்பற்களில்தான் காரை மிகுதியாகச் சேரும். உட்பக்கத்தை அதன் சொரசொரப்பான நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். அரை நிமிடம் போதும். பூனை விலகினால் விட்டுவிடுங்கள், நாளையும் நாள்தான். பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் குட்டியின் ஈறு நொந்திருக்கும். அப்போது தொட்டுப் பழக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈறு சிவந்தோ இரத்தம் கசிந்தோ இருந்தால் துலக்கத் தொடங்கக் கூடாது; முதலில் கால்நடை மருத்துவர். நொந்த ஈறைத் துலக்கினால் பூனை வலியையும் உங்கள் கையையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். மயக்கம் கொடுத்துக் காரையை அகற்றுவதும், ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பதும் மருத்துவரின் வேலை. பல்லின் வேர் கரையும் ஒரு நோய் பூனைகளிடம் பரவலாக உண்டு. அது எவ்வளவு துலக்கினாலும் வரலாம், கண்ணுக்கும் எளிதில் தெரியாது. வீட்டில் துலக்குவது மருத்துவருக்கு மாற்றன்று. ஆனால் நாள்தோறும் உதட்டை விலக்கும் கைதான் மாற்றத்தை முதலில் காணும்.

அந்தப் பழக்கமே இவ்வரலாற்றில் நடுவே அறுந்துபோனது. மாசாத்தியார் கண்ட வெருகு வேலியோரத்துப் பகை; குறுந்தொகையின் 139ஆம் பாடலில் அவரே, மாலையில் அதைக் கண்டு தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் கோழியைக் காட்டுகிறார். கோழியைத் தின்ன வந்த விலங்கின் பல்லையே அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் நம் முன்னோர். நம் மடியில் உறங்கும் பூசை எதையும் தின்ன வரவில்லை. நாம் வைப்பதைத்தான் தின்கிறது. அது மெல்லும்போது வலிக்கிறதா என்பதை அறியும் வழி, உதட்டை விலக்கிப் பார்ப்பது ஒன்றுதான்.